சிகரமும் பிற்பகல் இடியும்

மே மாதம் பிறந்ததும் நம் நாட்டின் பெரும்பாலான பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் விடுமுறை தொடங்குகிறது. பருவமழைக்கு முந்திய இடிமழை இமயமலைச் சாரல்களில் வலுப்பெறுவதும் அதே காலத்தில்தான். சமவெளியின் வெப்பத்தினின்று தப்ப மனிதர் மலையை நாடுகின்றனர். அதே வெப்பத்தால் மேலெழும் ஈரக்காற்றும் மலையையே நாடுகிறது. மேற்கு வங்காளத்தின் மிக உயர்ந்த இடமாகிய சந்தக்பூ (3,636 மீட்டர்), கார்வால் பகுதியில் துங்கநாத் கோயிலுக்கு மேலே நிற்கும் சந்திரசிலா ஆகிய முகடுகளுக்கு இக்காலத்தில் மாணவர் குழுக்கள் பல செல்கின்றன. நில அளவை, வனம், தாவரவியல் முதலிய துறைகளின் களப் பணியாளர்களுக்கும் மலைவேலைக்கு உகந்த காலம் இதுவே.

புறப்படுமுன் தயாரிக்கப்படும் பட்டியல்களை நோக்கினால், அவற்றில் கம்பளிச் சட்டை உண்டு, காலணி உண்டு, குளுக்கோஸ் பொட்டலம் உண்டு, மூன்று வேளை உணவின் விவரமும் உண்டு. உச்சியைவிட்டு எத்தனை மணிக்குக் கீழிறங்க வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் பெரும்பாலும் இராது. 'மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வானம் கெட்டால் திரும்பிவிடலாம்' என்பதே பொதுவான எண்ணம். இந்த எண்ணம் நியாயமானது போலத் தோன்றினும் உண்மையில் மிகவும் அபாயகரமானது. கோடையில் உயர்ந்த சிகரம் ஏறுவோர்க்கு முதன்மையான பாதுகாப்புக் கருவி கடிகாரமே. திரும்பும் நேரம், வானத்தைப் பார்க்குமுன், அடிவாரத்திலேயே, முந்திய இரவிலேயே முடிவு செய்யப்பட வேண்டியதொன்று.

இவ்வாறு வற்புறுத்துவதற்குரிய காரணம் மலையின் இயல்பிலேயே உள்ளது. காலை வெயில் பட்டதும் மலைச்சரிவு சூடேறுகிறது. சரிவை ஒட்டிய காற்று சூடாகி, இலேசாகி, மேலே செல்கிறது. அதன் இடத்தை நிரப்பப் பள்ளத்தாக்கிலிருந்து ஈரக்காற்று சரிவின் வழியே ஏறி வருகிறது. சமவெளியில் ஈரக்காற்றை மேகம் உண்டாகும் உயரத்திற்குத் தூக்கிவிட வெயில் பிற்பகல் வரை உழைக்க வேண்டும். மலைநாட்டிலோ பாதி தூரத்தை மலையே தூக்கிக் கொடுத்துவிடுகிறது. ஆகவேதான் கீழே ஊரில் வானம் நிர்மலமாக இருக்கும் பத்து, பதினொரு மணிக்கே முகட்டின்மேல் பஞ்சுப் பொதிபோன்ற திரள்முகில்கள் தோன்றிவிடுகின்றன. அவற்றுள் சில அங்கேயே கரைந்துபோகும். சில, கோபுரம்போல் உயர்ந்துகொண்டே செல்லும். பொதியாக இருந்த முகில் இடிமுகிலாக மாறுவதற்கு ஒரு மணி நேரம் போதும். சில நாள்களில் அரைமணி நேரமே போதும்.

முகிலின் தலை உறைநிலைக்கு மிகக் கீழான குளிர்ப் பகுதியுள் புகுந்ததும் அங்கு நுண்ணிய பனிப்படிகங்களும், சற்றுப் பெரிய மிருதுவான ஆலங்கட்டிகளும் உண்டாகின்றன. மேலெழும் காற்றில் இவை ஒன்றோடொன்று மோதுகின்றன. மோதலின் விளைவாகப் பெரும்பாலும் படிகங்கள் நேர் மின்னேற்றத்தையும், ஆலங்கட்டிகள் எதிர் மின்னேற்றத்தையும் பெறுகின்றன. இலேசான படிகங்களைக் காற்று முகிலின் உச்சிக்குக் கொண்டுபோகிறது. கனத்த ஆலங்கட்டிகள் நடுவிலும் அடிப்பகுதியிலும் தங்குகின்றன. இவ்வாறு பிரிந்து நிற்கும் மின்னேற்றம் அளவு மீறும்போது, முகிலினின்று ஒரு மின்பாதை ஏறத்தாழ 50 மீட்டர் நீளமுள்ள படிகளாகத் தாவித் தாவித் தரையை நோக்கி இறங்குகிறது. அது நெருங்கி வரும்போது தரையிலுள்ள உயரமான பொருள்களிலிருந்து சிறு மின்பொறிகள் மேல்நோக்கி எழுகின்றன. அவற்றுள் எது முந்திச் சென்று இணைகிறதோ அதன் வழியே மின்னல் பாய்கிறது. பல்லாயிரம் ஆம்பியர் மின்னோட்டம் பாயும் அந்த நொடிப்பொழுதில் பாதையிலுள்ள காற்றின் வெப்பம் ஏறத்தாழ 30,000 டிகிரிக்கு உயர்கிறது. சூரியனின் மேற்பரப்பைப்போல் ஐந்து மடங்கு. திடீரெனச் சூடாகி வெடித்து விரியும் அக்காற்றின் ஓசையே இடி.

தமிழில் 'இடி விழுந்தது' என்று சொல்வதே வழக்கு. விழுவது மின்னல்; இடி அதன் ஓசை மாத்திரமே. இந்தச் சொல்வழக்கைத் திருத்த முயல்வது வீண்வேலை. ஆயினும் வகுப்பறையில் ஆசிரியர் இதை ஒருமுறை விளக்கிவிடுவது நலம். இடியே விழுவதாக எண்ணும் சிறுவன், ஓசை கேட்கும்வரை ஆபத்தில்லை என்றும், கேட்டுவிட்டால் ஆபத்து கடந்துவிட்டது என்றும் கருதக்கூடும்.

முகட்டில் நிற்பவனின் நிலைமையை இனி எண்ணிப் பார்க்கலாம். சுற்றிலும் அவனைவிட உயரமான மரமில்லை, கட்டடமில்லை. முகிலின் அடிப்பாகம் அவன் தலைக்குச் சில நூறு மீட்டர் மேலேயே உள்ளது. சில சமயம் அவன் முகிலுக்குள்ளேயே நிற்கிறான். உள்ளே நிற்பவனுக்கு முகிலின் உருவம் தெரியாது. வெண்மூட்டம் மட்டுமே தெரியும். மின்பாதையை வரவேற்க மேலெழும் பொறி அவன் தலையிலிருந்தே எழ வாய்ப்புண்டு.

இதனினும் பெரியதொரு சங்கடம் உண்டு. கிழக்குச் சரிவில் ஏறிக்கொண்டிருப்பவனுக்கு மேற்கு வானம் தெரிவதில்லை. இடிமுகில் பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது. ஐந்து மணி நேரம் நீலவானத்தின் கீழ் ஏறி, முகட்டில் தலையை நீட்டிய பிறகே, மறுபுறம் காத்திருந்ததை அவன் காண்கிறான். 'வானம் கெட்டால் திரும்பிவிடலாம்' என்போர் இந்தத் தடையை நினைத்துப் பார்ப்பதில்லை.

ஆசிரியர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு நிகழ்ச்சி 1967 ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதி ஜப்பானில் நடந்தது. அந்நாட்டின் நடுப்பகுதியில் ஹோட்டகா என்னும் மலைத்தொடர் உள்ளது. கோடையில் ஆயிரக்கணக்கானோர் ஏறும் மலை அது. அதன் மேற்குப் பகுதியிலுள்ள நிஷி ஹோட்டகா சிகரத்தின் உயரம் 2,909 மீட்டர். அச்சிகரத்திலிருந்து மலைவிடுதிக்கு இறங்கும் வழியில், டொப்பியோ என்ற பாறைக் குன்று 2,701 மீட்டர் உயரத்தில் தனித்து நிற்கிறது. அன்று மாட்சுமோட்டோ நகர் உயர்நிலைப்பள்ளி ஒன்றின் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் தங்கள் ஆசிரியர்களுடன் அம்மலையில் ஏறினர். குழுவில் மொத்தம் 46 பேர். பள்ளி மாணவரை மலையேற்றத்திற்கு அழைத்துச் செல்வது அந்த நாகானோ மாவட்டத்தில் நெடுங்கால மரபு.

நண்பகலுக்குப் பின் வானிலை கெட்டது. ஆலங்கட்டி கலந்த பெருமழை தொடங்கியது. அதைக் கண்டு குழுவினர் விடுதியை நோக்கித் திரும்பினர். பிற்பகல் ஒன்றரை மணியளவில் டொப்பியோவின் பாறைச்சரிவில் அவர்கள் ஒருவர் பின் ஒருவராக வரிசையாய் இறங்கிக்கொண்டிருந்தபோது மின்னல் தாக்கியது. மாணவர் பதினொருவர் உயிரிழந்தனர். அவர்களுள் மூவரின் உடல்கள் உடனே கிடைக்கவில்லை. மலைச்சரிவில் விழுந்துகிடந்த அவற்றைத் தேடியே எடுக்க வேண்டியிருந்தது. மேலும் பதின்மூவர் காயமடைந்தனர்.

குற்றம் காணும் நோக்குடன் இந்நிகழ்ச்சியை இங்கு எடுத்துரைக்கவில்லை. அக்குழுவினர் அசட்டையாக நடந்தவர்களல்லர். வானிலை கெட்டதும் அவர்கள் திரும்பத்தான் செய்தனர். இன்று நம்நாட்டுக் குழுத் தலைவர்கள் 'செய்வோம்' என்று சொல்வதையே அவர்களும் செய்தனர். ஆயினும் மின்னல் தாக்கிய நேரத்தில் அவர்கள் முகட்டிலேயே இருந்தனர். கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான். வானம் கெட்ட பிறகு எடுக்கப்படும் முடிவு எவ்வளவு சரியானதாயினும் காலம் கடந்ததே. ஏனெனில், முகில் முதிரத் தேவையான நேரத்தைவிட, நாற்பது பேர் பாறை முகட்டிலிருந்து இறங்கத் தேவையான நேரம் அதிகம். தனியாள் இருபது நிமிடத்தில் கடக்கும் பாறையைப் பெரிய குழு கடக்க ஒரு மணி நேரம் ஆகலாம். முன்னவன் கால் வைத்த இடத்தில் பின்னவன் கால் வைக்கக் காத்திருக்கிறான். களைத்தவனுக்காக எல்லாரும் நிற்கின்றனர். மழையில் பாறை வழுக்குகிறது. குழு பெரிதாகப் பெரிதாகத் திரும்பும் நேரம் முன்னதாக வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

ஒரே மின்னல் இத்தனை பேரை எவ்வாறு தாக்கியது என்று கேட்கலாம். மின்னலால் இறப்போருள் நேரடியாகத் தாக்கப்படுவோர் மிகச் சிலரே. மின்னல் தரையில் இறங்கியதும் அதன் மின்னோட்டம் நிலத்தின் மேற்பரப்பில் நாற்புறமும் பரவுகிறது. ஈரப்பாறையின்மேல் ஒருவன் இரு கால்களையும் அகற்றி நின்றால், ஒரு காலுக்கும் மறுகாலுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு உண்டாகி, மின்னோட்டம் ஒரு காலில் ஏறி மற்றதில் இறங்குகிறது. மரத்தடியில் ஒதுங்கிய மாட்டுமந்தை ஒரே மின்னலில் மடிவதற்கும் காரணம் இதுவே. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகமாதலால் அவற்றின் உடல் வழியே பாயும் மின்னோட்டமும் அதிகம். ஒருவர்மேல் பாய்ந்த மின்னல் அருகில் நிற்பவர்மேல் தாவுவதும் உண்டு. நெருங்கி நிற்கும் குழுவிற்கு இவ்விரண்டும் சேர்ந்தே வருகின்றன. தவிர்க்க இயலாமல் திறந்த வெளியில் சிக்கிக்கொண்ட குழு ஏறத்தாழ 15 மீட்டர் இடைவெளி விட்டுப் பிரிந்து இறங்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். அஞ்சிய பிள்ளைகள் ஒருவரையொருவர் பற்றிக்கொள்வது இயற்கை. அவர்களைப் பிரித்து நடத்துவது கடினமான கடமை. அதைச் செய்ய நேராதிருப்பதே மேல்.

நன்கு அமைந்த பாதையும் ஏராளமான கூட்டமும் உள்ள சிகரம் ஆபத்தற்றது என்ற நம்பிக்கை மற்றொரு பிழை. போலந்து நாட்டில் டாட்ரா மலையிலுள்ள கீவொன்ட் சிகரம் உயரத்தில் மிகச் சாதாரணமானது, 1,894 மீட்டர்தான். உச்சியில் 1901 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட 15 மீட்டர் உயரச் சிலுவை நிற்கிறது. ஏறுவோர் பற்றிக்கொள்ள இரும்புச் சங்கிலிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. 2019 ஆகஸ்டு 22 ஆம் தேதி பிற்பகலில் அங்கு மின்னல் தாக்கியபோது நால்வர் இறந்தனர். அவர்களுள் இருவர் குழந்தைகள். 150-க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். கூட்டம் மின்னலைக் குறைப்பதில்லை. சங்கிலியருகே வரிசை நிற்கவைத்து இறங்கும் நேரத்தை நீட்டிக்க மட்டுமே செய்கிறது.

இதற்கு மாறாக, ஒரு நல்ல வழக்கம் வேரூன்றிவிட்ட மலை ஒன்றைக் காண்போம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கொலராடோ மாநிலத்தில், 1915 ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் லாங்ஸ் சிகரம் உள்ளது. உயரம் 4,346 மீட்டர். ஜான் வெஸ்லி பவல் என்பாரின் குழு 1868 இல் அதன் உச்சியை அடைந்தது. இன்று பொதுமக்கள் செல்லும் வழி போகவர ஏறத்தாழ 24 கிலோமீட்டர். ஏற்றம் சுமார் 1,500 மீட்டர். நல்ல உடலுறுதி உள்ளவர்க்கும் பத்து முதல் பதினைந்து மணி நேரம் பிடிக்கும். வழியின் பெரும்பகுதி மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே, கற்குவியல்களின் ஊடே செல்கிறது. முகட்டில் சாவித்துளை போன்ற ஒரு பிளவு உண்டு. கிழக்கிலிருந்து ஏறுவோர் அதன் வழியே நுழைந்த பின்னரே மேற்கு வானத்தை முழுமையாகக் காண இயலும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அங்குப் பிற்பகல் இடிமழை நாள்தவறாத விருந்தாளி எனலாம்.

அங்கு ஏறுவோர் நள்ளிரவு கடந்து இரண்டு மூன்று மணிக்கே கைவிளக்குடன் அடிவாரத்தைவிட்டுப் புறப்பட்டுவிடுகின்றனர். நண்பகலுக்குள் உச்சியைவிட்டு இறங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பது பூங்கா அதிகாரிகளின் அறிவுரை. உச்சி இன்னும் அரைமணி நேரத் தொலைவில் இருப்பினும், கடிகாரம் குறித்த நேரத்தைக் காட்டிவிட்டால் அனுபவசாலிகள் திரும்பிவிடுகின்றனர். 'திரும்பினான்' என்பது அங்கே இழிவான பேச்சன்று. அறிவுரையை எல்லாரும் பின்பற்றிவிடுகின்றனர் என்பதுமில்லை. 2014 ஜூலை 11, 12 ஆகிய அடுத்தடுத்த இரு நாள்களில் அப்பூங்காவில் மின்னல் தாக்கி இருவர் இறந்தனர். அவர்கள் இருந்த இடங்கள் சிகரங்கூட அல்ல. உயர்மலை நெடுஞ்சாலையை ஒட்டிய இடங்களே.

கொலராடோவின் நேரக்கணக்கு இந்தியாவுக்குப் பொருந்துமா என்ற ஐயம் நியாயமானது. முழுவதும் பொருந்தாது. கீழ்இமயச் சாரலிலும் வங்கத்திலும் 'காலவைசாகி' என வழங்கும் கோடைப் புயல்மழை பிற்பகலிலும் மாலையிலும் வருவதே அதிகமாயினும், இரவில் இடி முழங்கும் நாள்களும் பல. மேற்கிலிருந்து வரும் வளிமண்டலக் குழப்பங்கள் மேற்கு இமயத்தில் எந்நேரத்திலும் மழையைக் கொண்டுவரக்கூடும். எனவே காலையில் புறப்பட்டவனுக்கு ஆபத்தே இல்லை என்று கூறுவது தவறு. வெயிலின் சூட்டினால் மலையிலேயே பிறக்கும் இடிமுகிலை மட்டுமே கடிகாரம் தவிர்க்கும். ஆனால் அதுவே பெரும்பகுதி. எஞ்சியதற்குக் காதையும் முன்னறிவிப்பையும் நம்ப வேண்டும்.

சந்தக்பூவிலிருந்து பாலுட் வரை நேபாள எல்லையை ஒட்டிச் செல்லும் முகட்டுப் பாதையை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையின் பெரும்பகுதி திறந்த புல்வெளி முகடு. கஞ்சன்ஜங்கா ஒருபுறமும் எவரெஸ்டு மறுபுறமும் தெரியும் என்பதால் இவ்வழியைப் புகழாதவர் இல்லை. இங்கு ஏறி இறங்கும் சிகரம் என்று ஒன்றில்லை. நாள் முழுவதும் முகட்டின் மேலேயே நடை. ஆகவே 'உச்சியைவிட்டு இறங்கும் நேரம்' என்பதற்குப் பதிலாக 'விடுதியை அடையும் நேரம்' என்று மாற்றிக்கொள்ள வேண்டும். விடியலில் புறப்பட்டால் பிற்பகலின் முற்பகுதியிலேயே கூரையின்கீழ் சேர்ந்துவிடலாம். சூரியோதயத்தைப் பார்த்து, படம் எடுத்து, சிற்றுண்டி முடித்து ஒன்பது மணிக்கு மேல் கிளம்பும் குழு, இடிமுகிலின் நேரத்தையே தன் நடைக்குத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது.

காதின் கணக்கு எளியது. ஒலி ஒரு கிலோமீட்டர் செல்ல மூன்று விநாடி ஆகிறது. மின்னல் தெரிந்து முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் தொலைவு பத்துக் கிலோமீட்டருக்குள். அடுத்த மின்னல் தலைக்கு மேலேயே வர அத்தொலைவு போதும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழியும்வரை பாதுகாப்பான இடத்தை விட்டு வெளிவரலாகாது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியுள்ள 'தாமினி' என்ற கைப்பேசிச் செயலி, 20 மற்றும் 40 கிலோமீட்டர் சுற்றளவிற்குள் மின்னல் நிகழ்வதை எச்சரிக்கிறது. இது உண்மையிலேயே பயனுள்ள சாதனம். ஆனால் கைப்பேசித் தொடர்பு கிடைக்காத முகட்டில் அது வெறும் பலகையே. புறப்படுமுன் அடிவாரத்தில் பார்க்க வேண்டிய பொருளாக அதைக் கருத வேண்டுமேயன்றி, மேலே காப்பாற்றும் என்று நம்பி எடுத்துச் செல்லும் தாயத்தாகக் கருதலாகாது.

தாயத்துக்கள் இவ்விஷயத்தில் ஏராளம். இடி முழங்கினால் 'அர்ச்சுனா, அர்ச்சுனா' என்று கூறும் பழக்கம் தமிழகத்துச் சிற்றூர்களில் உண்டு. அது யாருக்கும் தீங்கு செய்வதில்லை. கற்றவர்களின் தாயத்துகளே தீங்கானவை. கைக்கடிகாரத்தையும் இடுப்புவார்க் கொக்கியையும் கழற்றிவிட்டால் மின்னல் வராது என்பது ஒன்று. ரப்பர் காலணியும் மழைச்சட்டையும் காக்கும் என்பது மற்றொன்று. மனித உடலும் மின்னலும் பற்றி ஜப்பானிய விஞ்ஞானிகள் நடத்திய சோதனைகள் இவ்விரு நம்பிக்கைகளையும் பொய்யாக்கின. உடலில் அணிந்த சிறு உலோகப் பொருள் மின்னலை ஈர்ப்பதில்லை. நிமிர்ந்து நிற்கும் உடலே போதுமானது. மேகத்திலிருந்து சில கிலோமீட்டர் காற்றைப் பிளந்துகொண்டு வந்த மின்னோட்டத்திற்கு ஓர் அங்குல ரப்பர் ஒரு பொருட்டன்று. கடிகாரத்தைக் கழற்றிய கையோடு ஒருவன் நிம்மதியாக முகட்டில் நின்றுவிடுகிறானே, அங்குதான் தீங்கு.

தனித்த மரம், பாறையின் மேற்கவிந்த விளிம்பு, ஆழமற்ற குகையின் வாய், துணிக்கூடாரம், நாற்புறமும் திறந்த தகரக்கொட்டகை ஆகிய எவையும் புகலிடமல்ல. குந்தி உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொள்ளும் முறையைப் பல பாடநூல்கள் இன்றும் கற்பிக்கின்றன. அமெரிக்க வானிலைத் துறை 2008 ஆம் ஆண்டிலிருந்து அதைப் பரிந்துரைப்பதை நிறுத்திவிட்டது. அதனால் கிடைக்கும் பாதுகாப்பு மிகச் சொற்பம் என்பதும், உட்கார்ந்திருக்கும் நேரத்தில் தாழ்ந்த இடத்தை நோக்கி நடந்திருக்கலாம் என்பதுமே காரணம். பாதுகாப்பானவை இரண்டே: மின்கம்பிகளும் தண்ணீர்க் குழாய்களும் பொருத்தப்பட்ட முழுமையான கட்டடம், உலோகக் கூரையுடன் கதவு சன்னல் மூடப்பட்ட மோட்டார் வண்டி. வண்டியைக் காப்பது அதன் டயர் அன்று. மின்னோட்டத்தை வெளிப்புறமாகவே தரைக்குக் கடத்தும் உலோக உடலே. சந்தக்பூ வழியில் ஓடும் ஜீப் வகை வண்டிகளுள் துணிக்கூரை போட்டவை இந்தக் கணக்கில் சேரா.

மின்னல் தாக்கிய பின் செய்ய வேண்டியதைப் பற்றிக் களப் பணியாளர்கள் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். தாக்கப்பட்டவர் உடலில் மின்சாரம் தங்கியிராது, உடனே தொடலாம். தாக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். பலர் ஒரே சமயத்தில் விழுந்துகிடந்தால், முனகுபவரையும் அலறுபவரையும் விட்டுவிட்டு, அசைவற்று மூச்சின்றிக் கிடப்பவரிடமே முதலில் செல்ல வேண்டும். மற்ற விபத்துகளில் பின்பற்றப்படும் முறைக்கு இது நேர்மாறானது. மின்னலால் நின்ற இதயம் பல சமயங்களில் தானாகவே மீண்டும் துடிக்கத் தொடங்குகிறது; ஆனால் சுவாசம் அவ்வளவு விரைவில் திரும்புவதில்லை. அந்த இடைவெளியில் மார்பை அழுத்தியும் வாயோடு வாய் வைத்து ஊதியும் உதவுவாரின்றி, பிழைத்திருக்கக்கூடியவர் இறந்துபோகின்றனர். முனகுபவருக்கு மூச்சு இருக்கிறது. அவர் சற்றுக் காத்திருக்கலாம்.

நம் நாட்டில் மின்னலால் இறப்போர் தொகை பெரிது. தேசியக் குற்றப் பதிவேட்டு நிறுவனத்தின் கணக்குப்படி 2022 ஆம் ஆண்டில் மட்டும் 2,800-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வயலில் நாற்று நட்டவரும், மாடு மேய்த்தவரும், மரத்தடியில் ஒதுங்கியவருமே, சிகரம் ஏறியவரல்லர். இதைச் சுட்டிக்காட்டி, மலையேற்றத்திற்கென்று இத்தனை கவலை எதற்கு என்று கேட்பவர் உண்டு. ஆனால் உழவனுக்கு நேரத்தைத் தேர்ந்துகொள்ளும் வசதி இல்லை. மழை வந்த அன்றே நடவேண்டும். சிகரம் ஏறுவோருக்கோ அவ்வசதி முழுமையாக உண்டு. பிள்ளைகளோ தாமாக அந்த நேரத்தைத் தேர்ந்தவர்களல்லர். அவர்களுக்காக வேறொருவர் தேர்ந்தெடுத்தார். ஆகவே அவ்வேறொருவரின் பொறுப்பு, இயற்கையின்மீது சுமத்திவிடக்கூடியதன்று.

மற்றொரு சாரார், மாணவரை மலைக்கு அழைத்துச் செல்வதையே நிறுத்திவிடலாம் என்பர். பாறையையும் தாவரத்தையும் மேகத்தையும் புத்தகத்தில் மட்டும் காணும் கல்வி அரைக் கல்வியே. ஒரு திரள்முகில் பிறந்து வளர்வதை மலைச்சரிவில் காலை ஏழு மணி முதல் பதினொரு மணிவரை கவனித்த மாணவன், வளிமண்டலத்தைப் பற்றி ஓராண்டுப் பாடத்தில் கற்பதைவிட அதிகமாகக் கற்கிறான். அவன் பார்க்கட்டும், பதினொரு மணிக்குப் பின் கீழே இருந்து பார்க்கட்டும்.

நடைமுறையில் இதற்குத் தடையாக இருப்பது அறியாமை மட்டுமன்று. ஏற்பாடுகளே குழுவைப் பிற்பகலுக்குத் தள்ளுகின்றன. சமவெளி நகரத்திலிருந்து இரவெல்லாம் பயணம் செய்த பேருந்து அடிவாரத்தை அடையும்போது காலை ஒன்பது மணி. கைகால் கழுவி, உணவு முடித்து, பெயர்களைச் சரிபார்த்து, குழு நடக்கத் தொடங்கும்போது பத்தரை. அதே நாள் இரவு இரயிலுக்கு முன்பதிவு செய்தாயிற்று. ஆகவே மறுநாள் காலைக்கு ஒத்திவைக்கவும் இயலாது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு உச்சியைக் காணாமல் திரும்பினால் பெற்றோர் கேட்பர், தலைமையாசிரியர் கேட்பார் என்ற கூச்சம் வேறு. களப் பணியாளர் நிலையும் இதுவே. குறித்த தேதிக்குள் அளவெடுப்பு முடிய வேண்டும். முடியாமற்போனதற்கு 'பதினொரு மணிக்குத் திரும்பினோம்' என்று அறிக்கையில் எழுதினால் அது சோம்பலாகக் கருதப்படுமோ என்ற அச்சம் உண்டு. அந்த அச்சத்தைப் போக்க வேண்டியவர் மலையில் ஏறுபவரல்லர், அறிக்கையைப் படிப்பவர்.

சுற்றுலாவுக்கோ கள ஆய்வுக்கோ அனுமதி வழங்கும் உத்தரவிலேயே திரும்பும் நேரத்தைக் குறித்துவிடலாம். அந்நேரத்தைக் குழுவில் மிக மெதுவாக நடப்பவரைக் கொண்டு கணக்கிட வேண்டும். அதன் ஒரு பிரதி விடுதிக் காவலரிடமோ ஊர்த் தலைவரிடமோ இருக்கட்டும். செலவு மதிப்பீட்டில் அடிவாரத்தில் ஓர் இரவுத் தங்கலுக்கும், விடியுமுன் கையில் கட்டிக் கொடுக்கும் உணவுக்கும், ஆளுக்கொரு கைவிளக்குக்கும் தொகை ஒதுக்க வேண்டும். அழைத்துச் செல்லும் வண்டியை மாலை ஐந்து மணிக்கு வரச் சொல்லாமல், மூடிய உலோகக் கூரையுள்ள வண்டியாகப் பார்த்து, நண்பகலுக்கே அடிவாரத்தில் நிறுத்திவைக்கச் சொல்ல வேண்டும். காத்திருப்புக்கு ஓட்டுநர் கேட்கும் கூடுதல் தொகையையும் மதிப்பீட்டில் சேர்த்தே எழுதிவிட வேண்டும்.